ஒரு கடுதாசி குறையுது

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்குப் பாக்க ஒண்ணுமில்ல. இந்த ரோட்டுல எந்த ஸ்டாப்புக்கு எத்தன நிமிஷம்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். இந்த டிரைவர் தம்பானூர் ஸ்டாண்டுலேந்து பஸ்ஸ எடுத்ததே ஆறு நிமிஷம் லேட்டு. எனக்க ஸ்டாண்டுல இப்பிடி எடுத்தா விடமாட்டேன். மார்த்தாண்டத்துல மினிபஸ்சுக்கு நான் டைம் கீப்பராக்கும். பத்தொம்பது வருஷம். வண்டி வந்த நேரம், போன நேரம், லேட்டுன்னா ஏன் லேட்டு, எல்லாம் கேட்டு எழுதணும். ஜஸ்டஸ்னு சொன்னா டிரைவர்மாருக்கு ஒரு பயம் உண்டு.

நீங்க நாகர்கோயில் வரைக்குமா? செரி. நான் மார்த்தாண்டத்துல எறங்கிருவேன்.

ஏர்போர்ட்டுலேந்து வாறேன். நானா? நான் எங்க வெளிநாடு போயிட்டு வர? விட்டுட்டு வாறேன். பொண்டாட்டியையும் பிள்ளையையும். ஜெர்மனிக்கு. காஸல்னு ஒரு ஊரு. அவ அங்க நர்சு, ரெண்டு வருஷம் ஆகப்போகுது. பேரு கிரேஸ்லெட். பிள்ள இன்னைக்குத்தான் முதமுதலாப் போகுது. அபிஷா. பதிமூணு வயசு.

நீங்க ஏன் போகல்லன்னுதானே கேக்க வாறிய? கேளுங்க, கேளுங்க. சபையில கேக்காவ, ஸ்டாண்டுல கேக்காவ, டீக்கடையில கேக்காவ. எல்லாருக்கும் "விசா வந்துட்டிருக்கு"ன்னு சொல்லுவேன். உங்ககிட்ட என்னத்துக்குப் பொய் சொல்ல? உங்கள இனிப் பாக்கவா போறேன்.

விசான்னா சுற்றிப் பாக்கப் போற விசா இல்ல பாத்துக்கிடுங்க. போயி தங்கி வாழுகதுக்குள்ள விசா. அதுக்கு ஒவ்வொரு தாளாச் சேக்கணும். தாளு சேத்துச் சேத்தே எனக்கு ரெண்டு வருஷம் போயிட்டு. அலுத்துப்போச்சு அண்ணாச்சி. உடம்புக்குச் சொகமில்லாத மாதிரி ஒரு அலுப்பு. காலையில எந்திரிக்கும்போதே வரும்.

முதல்லேந்து சொல்லுகேன்.

கிரேஸ்லெட் இஞ்ச ஒரு ஆஸ்பத்திரியிலதான் வேல பாத்தா. நான்தான் பைக்குல கொண்டு விடுவேன், நான்தான் போயிக் கூப்பிடுவேன். ஒரு நாளு தவறினதில்ல. எட்டு மணிக்கு டூட்டி முடியும்னா ஏழு அம்பத்தஞ்சுக்கு நான் கேட்டுல நிப்பேன். அவ எட்டு பத்துக்கு வந்தா, ஏன் பத்து நிமிஷம்னு கேப்பேன். கேக்கணும்லா? காலம் அப்பிடிக் கெடக்கு. அக்கறை உள்ளவன்தானே கேப்பான்.

அவ ஜெர்மன் படிச்சதே எனக்குத் தெரியாது. அடுக்களையில அரிசிப் பானையில ஃபோனச் சாச்சு வச்சுக்கிட்டு, காதுல அந்த வயர மாட்டிக்கிட்டு, கறிக்கு அரிஞ்சுக்கிட்டே வாய்க்குள்ள முணுமுணுப்பா. நான் ஜெபமாக்கும்னு நினைச்சேன். சத்தியமா. நல்ல காரியம்தானேன்னு டி.வி. சத்தத்தக்கூடக் குறைச்சு வைப்பேன். ஒண்ணர வருஷம் அப்பிடி ஜெபம் பண்ணியிருக்கா. பரீட்சை எல்லாம் பாஸாகி, அங்க ஒரு ஆஸ்பத்திரியில எடுத்துக்கிட்டோம்னு தாளும் வந்த பொறவாக்கும் எனக்கிட்ட சொல்லுகா. அதுவும் அவ சொல்லல்ல. அவளுக்க அண்ணன் மோகன்தாசக் கூட்டிட்டு வந்து சொல்ல வச்சா.

எனக்குக் கோவம் வந்துச்சு. வராதா? அவளுக்க பாஸ்போர்ட்டு எனக்க பீரோவுல இருந்துச்சு, பத்திரத்துக்காக வச்சிருந்தேன். குடுக்க மாட்டேன்னு சொல்லல்ல. சாவியக் காணல்லன்னு சொன்னேன். பத்து நாளு சாவியத் தேடினோம். கடைசியில அவ சொன்னா, "அபிஷாக்க அப்பா, ஒரு வருஷம். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் வந்துரலாம். குடும்பத்தோட இருக்கலாம்." குடும்பத்தோடன்னு சொன்ன பொறவு நான் என்ன பேச? சாவி கெடச்சிட்டு.

போனா. போன நாலாம் மாசம் தாளு லிஸ்டு அனுப்பினா.

லிஸ்டுல முதல்ல என்னன்னு நினைக்கிய? எனக்கு ஜெர்மன் தெரியணும்! பிள்ளைக்கு வேண்டாம், புருஷனுக்கு வேணும். நான் பத்தாம் கிளாசுல இங்கிலீசுல கஷ்டப்பட்டு முப்பத்தெட்டு வாங்கினவன். நாப்பத்தாறு வயசுல எனக்கு ஜெர்மன்.

அது ஒருபக்கம். கல்யாணச் சான்றிதழப் பாத்தா, அதுல எனக்க பேருல கடைசியில ஒரு எஸ் இல்ல. பாஸ்போர்ட்டுல ரெண்டு எஸ், சான்றிதழ்ல ஒரு எஸ். எழுதினவரு செத்துப்போயி ஏழு வருஷம். அந்த ஒரு எஸ்ஸுக்காக நான் நாலு மாசம் நடந்தேன். ஒருத்தரு சொல்லுவாரு, சபையில திருத்திட்டு வா. சபையில சொல்லுவாவ, ஆபீசுல எழுதித் தந்தா திருத்துகோம். பிள்ளைக்க பிறப்புச் சான்றிதழ எடுத்தா அதுல பேரே இல்ல. பெண் குழந்தைன்னு மட்டும் இருக்கு. அதுக்கு ரெண்டு மாசம். இந்த ஃபைலப் பாருங்க. என்ன கனம் பாருங்க. நான் எனக்க கல்யாணத்தன்னைக்குக்கூட இத்தன தாளுல கையெழுத்துப் போடல்ல.

கரமனை வந்தாச்சு. ஒன்பது நிமிஷம் லேட்டு இப்பம்.

கிளாசுக்குப் போனேன். ஸ்டாண்டுல மத்தியானம் ரெண்டு மணிக்கூர் இன்னொருத்தன ஒக்கார வச்சிட்டுப் போவேன். டீச்சரு ஆதிரான்னு ஒரு பொண்ணு, இருபத்துநாலு வயசு இருக்கும். கூடப் படிக்குகது எல்லாம் நர்சிங் முடிச்ச பிள்ளைய. எல்லாத்துக்கும் நடுவுல நான் ஒருத்தன், வழுக்கையும் வச்சுக்கிட்டு. முதல் நாளு எந்திரிச்சு நின்னு "இஷ் ஹைசே ஜஸ்டஸ்"னு சொன்னேன். எனக்க பேரு ஜஸ்டஸ்னு அர்த்தம். அந்தப் பிள்ளைய எல்லாம் கைதட்டிச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு. எதுக்குன்னு தெரியல்ல.

ஒண்ணு சொல்லணும், அந்த பாஷையில நேரம் சொல்லுகது எனக்கு நல்லா வந்துச்சு. எட்டேகால், எட்டர, ஒன்பதுக்குப் பத்து, எப்பிடிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆதிரா டீச்சரே சொல்லும், "சார், கடிகாரத்துல உங்கள அடிச்சுக்க ஆளில்ல." அதோட செரி. மத்ததெல்லாம் தொண்டையில நின்னுரும்.

முதல் தடவ நாப்பத்தெட்டு மார்க்கு. அறுவது வேணும். ரெண்டாம் தடவ அம்பத்தேழு. மூணு மார்க்குல போச்சு. எதுல போச்சுன்னும் எனக்குத் தெரியும். பேசுகதுல. ரெண்டு ரெண்டு பேரா ஒக்கார வச்சு ஒரு அட்டையத் தருவாவ. அதுல ஒரு வார்த்த இருக்கும். அத வச்சு ஒருத்தரு கேக்கணும், மற்றவரு பதில் சொல்லணும். எனக்கெதிரா ஒரு சின்னப் பொண்ணு. குடும்பத்தப் பற்றிக் கேக்கணும், அட்டையில ஓய்வு நேரம்னு எழுதியிருக்கு. அது கேட்டுச்சு, "உங்க மனைவி ஓய்வு நேரத்துல என்ன செய்வாவ?"

நான் அப்பிடியே இருந்துட்டேன் அண்ணாச்சி. பரிசோதிக்க வந்த அம்மா பாத்துக்கிட்டிருக்கா. ஜெர்மன் வார்த்த தெரியாம இல்ல. பாட்டுக் கேக்குகது, நடக்கப் போறது, புத்தகம் படிக்குகது, எல்லாத்துக்கும் வார்த்த தெரியும். இவ என்ன செய்வான்னு தெரியல்ல. ஆஸ்பத்திரி, வீடு, சபை. அதுல ஓய்வு எங்க கெடக்கு? இது ஒரு கேள்வியா, நீங்களே சொல்லுங்க. இப்பிடிக் கேட்டா எந்தப் புருஷன் பாஸாவான்?

அந்த ஞாயித்துக்கிழம அவளக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏட்டி, ஓய்வு நேரத்துல நீ என்ன செய்வ?"

"எதுக்குக் கேக்கிய?"ன்னா.

"பரீட்சைக்கு."

"ஓ. பரீட்சைக்கா. சமைப்பான்னு சொல்லிருங்க"ன்னா.

அதுக்கு அடுத்த மாசமாக்கும் அவ இந்தப் பேச்ச எடுத்தது. பிள்ளைக்க படிப்பு வீணாகுது, அங்க பள்ளிக்கூடத்துல சேக்குகதுக்கு வயசு ஏறிட்டிருக்கு, அபிஷாவ முன்னால அனுப்புங்க, நீங்க பாஸான பொறவு வாங்க. அதுக்கு அப்பன் சம்மதிக்குகேன்னு நான் நோட்டரி முன்னால ஒரு தாளுல கையெழுத்துப் போடணும்.

நான் சொன்னேன், போனா ரெண்டு பேரும் சேந்து போவோம், இல்லன்னா யாரும் போகண்டாம். தப்பா? பிள்ளைய அனுப்பிட்டு நான் அந்த வீட்டுல யாருகூட இருக்க? அந்தத் தாள டைப் அடிச்சுக் கொண்டு வந்து வச்சிருந்தேன், இல்லன்னு சொல்லல்ல. பீரோவுல இருந்துச்சு. மோகன்தாஸ் வந்து பேசினான். "மச்சான், பிள்ளைக்க காரியம்"னான். எனக்கும் அது பிள்ளதானேன்னேன். பாஸ்டர் வந்தாரு, ஜெபிச்சாரு, டீ குடிச்சாரு, போனாரு.

அபிஷா ஒண்ணும் கேக்கல்ல. அழவும் இல்ல, அடம் பிடிக்கவும் இல்ல. அம்ம மாதிரியே, வாய் தொறக்காது. சாயங்காலம் எனக்கு ஜெர்மன் சொல்லித் தாறது மட்டும் நிறுத்தல்ல. அதுக்கு நல்லா வரும், அம்மகிட்ட ஃபோன்ல பேசிப் பேசியே படிச்சிட்டு. ஒரு நாளு, "அப்பா, இன்னைக்கு அனுமதி கேக்குகது படிப்போம். பரீட்சையில கட்டாயம் வரும். நான் கேப்பேன், நீங்க பதில் சொல்லணும்"னா.

"டார்ஃப் இஷ்"னு தொடங்கணும் அதுக்கு. நான் செய்யலாமான்னு அர்த்தம். பதிலுக்கு யான்னா ஆமா, நைன்னா இல்ல. அது கேக்கத் தொடங்கிச்சு. நான் ஜன்னலத் தொறக்கலாமா. நான் டி.வி. போடலாமா. நான் கூட்டுக்காரி வீட்டுக்குப் போகலாமா. நான் நாளைக்கு லேட்டா வரலாமா. நான் ஃபோன் பண்ணலாமா. நான் தனியாப் போகலாமா. கேட்டுக்கிட்டே போகுது. நானும் டக்கு டக்குன்னு பதில் சொல்லுகேன். ஒரு இடத்துலயும் தட்டல்ல. எனக்கே சந்தோஷம், என்னடா இன்னைக்கு இப்பிடிச் சரளமா வருகுதேன்னு.

இருபது கேட்டு முடிஞ்சு நோட்ட மூடிச்சு. மூடிட்டு, "அப்பா, எல்லாத்துக்கும் நைன், நைன்னே சொல்லிட்டிய. எதுக்காவது யான்னு சொல்லிப் பழகுங்க. அதுக்கும் மார்க்கு உண்டு"ன்னா.

கோவமாச் சொல்லல்ல. டீச்சர் சொல்லுகது மாதிரி சொல்லிட்டு, தோச சுடப் போயிட்டு.

மறுநாளு நோட்டரிகிட்டப் போயி கையெழுத்துப் போட்டேன். அதுக்காகப் போடல்ல. பள்ளிக்கூட வருஷம் முடியப் போகுது, டி.சி. வாங்கணும்னா அப்பத்தான் வாங்க முடியும், அந்தக் கணக்குல போட்டேன். அபிஷாகிட்டக் காட்டினேன். படிச்சுப் பாத்துச்சு. ரெண்டு தடவ படிச்சுச்சு. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முட்ட பொரிச்சு வச்சுச்சு.

அதுக்கு அடுத்த மாசம் நான் பாஸ். அறுபத்திமூணு! ஸ்டாண்டுல எல்லாருக்கும் லட்டு குடுத்தேன். டிரைவர் ஒருத்தன் "ஜஸ்டஸ் அண்ணே, ஜெர்மன்ல ஏன் லேட்டுன்னு எப்பிடிக் கேப்பிய?"ன்னான். அதயும் சொல்லிக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். அன்னைக்கு ஒரு நாளு நல்ல நாளு.

அவகிட்டச் சொன்னேன். "நல்லது. கஷ்டப்பட்டுப் படிச்சிட்டிய"ன்னா. சந்தோஷமாத்தான் சொன்னா. சந்தோஷம்னுதான் நான் நினைச்சேன்.

பாறசாலை. இனி களியக்காவிளை. அங்கயும் ஒரு அஞ்சு நிமிஷம் திம்பான் இவன்.

ஜூன் மாசம் மெட்ராசுல விசா ஆபீசுல அப்பாயின்மென்ட்டு. நானும் பிள்ளையும் ரயில்ல போனோம். ரெண்டு பேருக்கும் புதுத்துணி. எனக்கு ஷூ வாங்கினேன், கடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பத்தரைக்குக் கூப்பிட்டாவ. கவுண்டருல ஒரு பையன், நல்ல மரியாதக்காரன். ஒவ்வொரு தாளா எடுக்கான், டிக்கு அடிக்கான். அபிஷாக்க கட்டு முடிஞ்சு. எனக்க கட்டு எடுத்தான். பாஸ்போர்ட்டு, டிக்கு. கல்யாணச் சான்றிதழு, டிக்கு. அந்த ஒரு எஸ்ஸு இருக்கான்னு நான் எட்டிப் பாத்தேன், இருந்துச்சு. ஜெர்மன் பாஸான தாளு, டிக்கு. அவளுக்க வேலத் தாளு, வீட்டுத் தாளு, டிக்கு. பொறவு ஒண்ணத் தேடுகான். முன்னால பொரட்டுகான், பின்னால பொரட்டுகான்.

"சார், உங்களுக்கு ஒரு கடுதாசி குறையுது"ன்னான்.

என்ன கடுதாசின்னா, இவரு எனக்க புருஷன், இவரு வந்து எனக்கூடச் சேந்து வாழணும்னு நான் விரும்புகேன்னு அவ எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். பிள்ளைக்கு எழுதினது இருக்கு. எனக்குள்ளது இல்ல.

நான் சொன்னேன், மறந்திருப்பா, டூட்டிக்காரி, ரெண்டு நிமிஷம் பொறுங்கன்னு. வெளிய வந்து ஃபோன் போட்டேன். அங்க காலையில ஏழு மணி. ஒடனே எடுத்தா. காத்துக்கிட்டிருந்த மாதிரி எடுத்தா.

"ஏட்டி, கடுதாசி எங்க?"

"அபிஷாக்குள்ளது வச்சிருக்கேனே."

"எனக்குள்ளது?"

"எழுதல்ல."

"மறந்துட்டியா?"

"மறக்கல்ல. மூணு தடவ எழுத ஒக்காந்தேன். அந்த ஒரு வரிதான். எழுத முடியல்ல."

சுத்தி ஆளுக நிக்காவ. "என்னட்டி சொல்லுக? நான் உன்ன அடிச்சேனா? குடிச்சேனா? ஒரு நாளு வெளிய விட்டுட்டுப் போனேனா?"

"அடிச்சிருந்தா எங்க அண்ணங்கிட்டச் சொல்லியிருப்பேன்"னா. "இத எப்பிடிச் சொல்ல? சொன்னா, அவரு உன்ன அக்கறையாத்தானே பாக்காருன்னு சொல்லுவாவ."

"எத?"

அவ சத்தம் போட்டுப் பேசமாட்டா. அன்னைக்கும் பையத்தான் பேசினா. "இஞ்ச நான் டூட்டி முடிஞ்சா டிராமுல ரெண்டு ஸ்டாப்பு முன்னால எறங்கி நடப்பேன். ஒரு வேலையும் இருக்காது, சும்மா நடப்பேன். ஒரு நாளு ஆத்துப் பாலத்துல முக்கா மணிக்கூர் நின்னேன். தண்ணியப் பாத்துக்கிட்டு. வீட்டுக்கு வந்தப்பம் ஏன் லேட்டுன்னு கேக்க ஆளில்ல. கதவத் தொறந்து உள்ள போனேன், அம்புடுதான். அன்னைக்கு நான் அழுதேன். சந்தோஷத்துல அழுதேன். எனக்கு அது வேணும். இப்போதைக்கு எனக்கு அது வேணும் அபிஷாக்க அப்பா."

இதுதான் காரியம். முக்கா மணிக்கூர் பாலத்துல நிக்கணும்னு ஒரு பொம்பள புருஷன வேண்டாம்னு சொல்லுவாளா? இஞ்ச குழித்துறையில பாலம் இல்லியா? கேட்டிருந்தா நான் கூட்டிட்டுப் போயி நிறுத்தியிருப்பேனே. கூட நின்னிருப்பேனே. என்ன, அதிகம் போனா பத்து நிமிஷம் நிக்கலாம், பொறவு நேரத்துக்கு வீட்டுக்கு வரணும்லா.

என்ன அப்பிடிப் பாக்கிய?

செரி. உள்ள போனேன். அந்தப் பையன் கேட்டான், "சார், பாப்பாக்க ஃபைலு முழுசா இருக்கு. உங்களுது பாதி. பாப்பாவுக்கு மட்டும் எடுத்துக்கிடட்டா? இல்ல, ரெண்டையும் வேற ஒரு நாளைக்கு மாத்தவா?"

அந்த நேரம் எனக்க கையிலதான் இருந்துச்சு பாத்துக்கிடுங்க. மாத்துங்கன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சு. அடுத்த தேதி கெடைக்க நாலு மாசம். அதுக்குள்ள அவ எழுதித்தானே ஆகணும், பிள்ள வேணும்லா அவளுக்கு? அவ எனக்குச் செஞ்சதுக்கு நான் செய்யக்கூடாதா? அதுல தப்பில்லன்னு இப்பமும் எனக்குத் தோணும்.

அபிஷா பக்கத்துல நிக்குது. புதுச் சுடிதாரு. அதுக்கு எல்லாம் தெரிஞ்சிட்டு, நான் ஃபோன் பேசிட்டு வந்த மொகத்தப் பாத்தே தெரிஞ்சிட்டு. கவுண்டருல அதுக்க ஃபைல நீட்டியிருந்த கைய மெல்லப் பின்னால எடுத்துச்சு. எடுத்து, ஃபைல நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, வெளிய போக ஒரு அடி திரும்பிச்சு. என்ன பதில் வரும்னு அது முடிவே பண்ணிட்டு. பதிமூணு வயசுல. அப்பன் வாயத் தொறக்க முன்னாலயே.

அதப் பாத்ததும் எனக்கு என்னவோ ஆயிட்டு. "பாப்பாக்குள்ளத எடுத்துக்கிடுங்க"ன்னு சொன்னேன். சத்தமாச் சொல்லிட்டேன் போல இருக்கு, பக்கத்துக் கவுண்டருல உள்ளவங்க திரும்பிப் பாத்தாவ. அபிஷா நம்பல்ல. நான்தான் கையிலேந்து ஃபைல வாங்கிக் குடுத்தேன்.

ரயில்ல திரும்பி வரும்போது அது எனக்க தோளுல சாஞ்சு தூங்கிச்சு. அஞ்சாறு வயசுக்குப் பொறவு அன்னைக்குத்தான். நான் திண்டிவனம், விழுப்புரம், திருச்சின்னு ஒவ்வொரு ஸ்டேஷனாப் பாத்துக்கிட்டு வந்தேன், அசையாம. கை மரத்துப்போச்சு.

விசா அக்டோபர்ல வந்துச்சு. கூட்டிட்டுப் போக கிரேஸ்லெட் எட்டு நாளு லீவுல வந்தா. தங்கினது அண்ணன் வீட்டுல. நான் வீடு முழுக்கக் கழுவி, பெட்ஷீட்டெல்லாம் மாத்தி வச்சிருந்தேன். ஒரு நாளு ஒரு மணிக்கூர் வந்தா, பிள்ளைக்க சாமான் எடுக்க. நான் டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சா. குடிச்சிட்டு அவளே கிளாசக் கழுவிக் கவுத்தி வச்சா, வேற ஆளு வீட்டுக்கு வந்தவ மாதிரி. வீட்டுல ஒவ்வொரு சாமானும் அவ வச்ச எடத்துலதான் இருக்கு. அவ பாக்கல்ல. தடிச்சிருக்கா கொஞ்சம். மொகம் தெளிஞ்சிருக்கு. தலமுடிய வெட்டியிருக்கா. ஏன் வெட்டினன்னு கேக்க வந்தேன், கேக்கல்ல.

இன்னைக்குக் காலையில ஏர்போர்ட்டுல பெட்டியெல்லாம் நான்தான் எறக்கினேன். அபிஷா கட்டிப் பிடிச்சு, ரெண்டு கன்னத்துலயும் முத்தம் தந்துட்டு, வண்டியத் தள்ளிக்கிட்டு மோகன்தாஸ்கூட முன்னால போயிட்டு. வேணும்னுதான் போச்சு, எங்கள விட்டுட்டு. நானும் அவளும் ஒரு தூணு பக்கத்துல நின்னோம். ரெண்டு வருஷத்துல நாங்க தனியா நின்னது அந்த அஞ்சு நிமிஷந்தான்.

நான் என்னெல்லாமோ பேச நினைச்சிருந்தேன். வந்தது இதுதான். "கிரேஸ், அந்தப் பரீட்சைத் தாளு ஒரு வருஷந்தான் செல்லுமாம். ஏப்ரலோட முடியும். அதுக்குள்ள அந்தக் கடுதாசிய எழுதினா நான் வந்துருவேன். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் உன்ன. எங்க போன, ஏன் லேட்டு, ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவ எனக்க மொகத்தப் பாத்தா. "மெலிஞ்சிட்டிய. நேரத்துக்குச் சாப்பிடுங்க"ன்னா.

"அதச் சொல்லு. எழுதுவியா?"

"பாப்போம்"னா. சொல்லிட்டு எனக்க சட்டக் காலர் மடங்கியிருந்தத நேராக்கி விட்டா. உள்ள போயிட்டா.

குழித்துறை தாண்டிட்டா? ஆமா, தாண்டிட்டு.

பாப்போம்னு சொன்னா அண்ணாச்சி. இல்லன்னு சொல்லல்ல. ஏர்போர்ட்டுலேந்து தம்பானூர் வாற வரைக்கும் எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு. நம்பிக்கை இருந்தாத்தானே பாப்போம்னு சொல்லுவாவன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். பஸ்சுல ஏறி ஒக்காந்த பொறவுதான் ஒரு ஞாபகம் வந்துச்சு. அது நான் சொல்லுக வார்த்தையாக்கும். சவுதிக்கு ஆளு எடுக்காவ, போகட்டான்னு ஒரு தடவ கேட்டா. பாப்போம்னு சொன்னேன். அம்மகூட ரெண்டு நாளு நின்னுட்டு வரட்டான்னு கேப்பா. பாப்போம். ஸ்கூட்டி ஓட்டப் படிக்கட்டா, நீங்க வந்து வந்து நிக்கண்டாமேன்னா. பாப்போம். பதினாலு வருஷம் எத்தனையோ கேட்டா. ஒரு தடவகூட நான் அவகிட்ட இல்லன்னு சொன்னதில்ல. சத்தியமாச் சொல்லுகேன் அண்ணாச்சி, ஒரு தடவகூட இல்லன்னு சொன்னதில்ல.

கொஞ்சம் காலத் தள்ளுங்க. எனக்க எடம் வந்தாச்சு.